வெளியூர்க்காரர்களுக்கு ஒரு பட்டியல்

என் கைப்பேசியில் பத்து வருடமாக ஒரு குறிப்பு கிடக்கிறது. தலைப்பு, 'சென்னை சாப்பாடு'. பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கும் பலரிடமும் இப்படி ஒன்று இருக்கும். புனேயிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரு வார வேலையாக ஒருவர் வந்து இறங்குவார். முதல் நாள் மதியம் கேண்டீன் சாம்பாரைச் சாப்பிட்டு முடித்ததும், "இந்த ஊர்ல நல்லா எங்க சாப்பிடலாம்?" என்பார். குறிப்பை அப்படியே வாட்ஸப்பில் அனுப்பிவிடுவேன். பத்து வருடத்தில் அதை எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன் என்று கணக்கில்லை.

பட்டியல் ரொம்பப் பெரியதில்லை. காலை டிபனுக்கு மயிலாப்பூர் ராயர் மெஸ். சாம்பார் இட்லிக்குத் திருவல்லிக்கேணி ரத்னா கஃபே. மதியம் மீனோடு சாப்பாடு என்றால் சேப்பாக்கம் நாயர் மெஸ். பிரியாணிக்கும் சிக்கன் 65-க்கும் அண்ணா சாலை புஹாரி. சாயங்காலம் சௌகார்பேட்டை பக்கம் போனால் சீனா பாய் கடையில் நெய்யில் மிதக்கும் பொடி இட்லி, மிண்ட் தெருவில் முறுக்கு சாண்ட்விச். ராத்திரி பர்மா பஜார் பக்கம் அத்தோ. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி எச்சரிக்கையும் உண்டு. 'ராயர் மெஸ்ஸுக்குச் சீக்கிரம் போகணும்.' 'ரத்னாவில் சாம்பாரைக் கஞ்சத்தனமா ஊத்த மாட்டாங்க, இட்லி மூழ்கிடும், பயப்படாதீங்க.'

போன வருடம் இதை எங்கள் குழுவின் வாட்ஸப்பில் போட்டபோது, புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்த நண்பன் ஒருவன் பக்கத்து இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தான்.

"லிஸ்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல மெட்ராஸ்காரன் கடை எதுடா?"

யோசித்துப் பார்த்தேன். பதில் வரவில்லை. "ஒரு வடகறி கூட இல்லியே" என்று சொல்லிவிட்டு அவன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

எங்கள் தொழிலில் ஒரு வியாதி உண்டு. யாராவது ஒரு பிழையைச் சுட்டிக்காட்டிவிட்டால், அது எந்த வரியில், எப்போது உள்ளே நுழைந்தது என்று கண்டுபிடிக்காமல் தூக்கம் வராது. பட்டியலை ஒவ்வொரு வரியாக எடுத்து, இந்தக் கடையை யார், எங்கிருந்து வந்து, எதற்காகத் தொடங்கினார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன்.

வந்தவர்கள்

முதல் ஆச்சரியம் ரத்னா கஃபே. சென்னை சாம்பார் என்றால் எனக்கு அந்தக் கடைதான். 1948-ல் அதைத் தொடங்கியவர் உத்தரப் பிரதேசத்து மதுராவிலிருந்து வந்தவர், குப்தா. கிருஷ்ணன் பிறந்த ஊர்க்காரர் ஒருவர் பார்த்தசாரதி கோவில் இருக்கும் பேட்டைக்கு வந்து, நமக்கு நம்முடைய சாம்பாரையே ஊற்றி ஜெயித்திருக்கிறார்.

உடுப்பி கதை இன்னும் பெரியது. உடுப்பிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கே. கிருஷ்ண ராவ் என்ற இளைஞர் 1920-களில் மெட்ராஸுக்கு வருகிறார். சமையற்கட்டில் மாவரைக்கும் வேலை. சில வருடங்களில் ஜார்ஜ் டவுனில் சொந்தமாக ஒரு சின்ன ஹோட்டல். 1938-ல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ஜமீனுக்குச் சொந்தமான 'உட்லண்ட்ஸ்' மாளிகையைக் குத்தகைக்கு எடுத்து ஹோட்டலாக்குகிறார். மாளிகையின் பெயரே ஹோட்டலின் பெயராகி, பிறகு உலகம் முழுக்க மசால் தோசையோடு ஒட்டிக்கொண்டது. 1962-ல் கதீட்ரல் சாலையில் வந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், காரின் ஜன்னலிலேயே தட்டை மாட்டிச் சாப்பாடு கொடுத்தது. 2008-ல் மூடினார்கள். அந்த இடத்தில் இன்று செம்மொழிப் பூங்கா இருக்கிறது. என் பட்டியலில் நான் அழிக்காமல் வைத்திருக்கும் ஒரே மூடிய கடை அதுதான். பக்கத்தில் 'இப்போ இல்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

புஹாரி 1951-ல் வந்தது. அதை நிறுவிய ஏ. எம். புஹாரி அதற்கு முன்பு கொழும்பில் தொழில் செய்தவர். சிக்கன் 65-க்கு ஆயிரம் கதை உண்டு: 65 நாள் கோழி, 65 துண்டு, மெனுவில் 65-வது ஐட்டம். புஹாரிக்காரர்கள் சொல்வது எளிமையானது: 1965-ல் அறிமுகம் செய்தோம், அவ்வளவுதான். எனக்கு அந்தக் கதைதான் பிடிக்கும். வெளியான வருடத்தையே பெயராக வைப்பது எங்கள் தொழிலிலும் வழக்கம்.

நாயர் மெஸ் 1961. பெயரே ஊரைச் சொல்லிவிடுகிறது. அதைச் சுற்றி திருவல்லிக்கேணி மேன்ஷன்கள். அந்த மேன்ஷன்களில் ஒரு அறைக்கு மூன்று கட்டில், நான்கு கட்டில் போட்டு, வேலை தேடி வந்தவர்களும் பரீட்சைக்குப் படிப்பவர்களும் வருடக்கணக்கில் குடியிருந்தார்கள். என் அப்பாவும் அவர்களில் ஒருவர். எண்பதுகளில் விருதுநகரிலிருந்து வந்தவர். மாசக் கடைசியில் கையில் காசு குறையும்போது, சோறு கூடுதலாகப் போடும் மெஸ் எது என்ற கணக்கு அந்த அறையில் எல்லோருக்கும் மனப்பாடம் என்பார். என்னுடைய பட்டியலுக்கு மூத்த பட்டியல் அதுதான். அதை ருசிக்காகப் போடவில்லை, வயிற்றுக்காகப் போட்டார்கள்.

சௌகார்பேட்டையின் பெயரிலேயே மார்வாடி, குஜராத்தி வணிகர்களின் வருகை இருக்கிறது. மிண்ட் தெரு என்ற பெயர் கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச் சாலையிலிருந்து வந்தது. அந்தத் தெருவில் நம்மூர் முறுக்கு இரண்டை எடுத்து, நடுவில் வெங்காயம், தக்காளி, வெள்ளரி, பச்சைச் சட்னி வைத்து ஒரு சாண்ட்விச் செய்கிறார்கள். ராஜஸ்தானிலும் கிடைக்காது, ராமநாதபுரத்திலும் கிடைக்காது. இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே தெருவில் ரொம்ப நாள் இருந்தால்தான் அப்படி ஒரு பண்டம் பிறக்கும்.

கடைசி வரி, அத்தோ. பட்டியலில் அதிக வலி இருக்கும் வரி இதுதான். ரங்கூனில் தலைமுறைகளாக இருந்த தமிழர்கள் 1941-42-ல் ஜப்பானியக் குண்டுவீச்சில் ஒருமுறை ஓடினார்கள். மலையும் காடும் கடந்து நடந்தே வந்தவர்கள் பலர். வழியில் செத்தவர்களும் பலர். இரண்டாவது முறை 1962-ல் நெ வின் ஆட்சியைப் பிடித்த பிறகு. கடைகளும் தொழில்களும் நாட்டுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. பெட்டியில் பணம் வைத்திருந்த வியாபாரி ஒரே நாளில் காகிதம் வைத்திருப்பவன் ஆனான். கப்பலேறியபோது நகையைக்கூட இஷ்டப்படி கொண்டுவர முடியவில்லை. அப்படி மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களுக்காக 1969-ல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவானது.

பணத்தைப் பிடுங்கிக்கொள்ளலாம், கைப்பக்குவத்தைப் பிடுங்க முடியாது. பர்மிய மொழியில் 'அதோக்' என்றால் கையால் பிசைந்து கலந்த உணவு. அதுதான் இங்கே அத்தோ. வேகவைத்த நூடுல்ஸ், பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், மேலே நொறுக்கிய மொறுமொறு பேஜோ. எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் போட்டு, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் ஊற்றிக் கொடுப்பார்கள். புனேக்காரர்கள் "இது சைனீஸா?" என்று கேட்பார்கள். "இல்லை, அகதி" என்று சொல்ல நாக்கு நுனி வரை வரும். சொன்னதில்லை.

ஆக, என் பட்டியலில் இருப்பவை எல்லாமே வந்தவர்கள் வந்தவர்களுக்காகப் போட்ட கடைகள். அதற்குமுன் வெளியூர்ப் பயணிக்குச் சத்திரம் இருந்தது. சோற்றைக் காசுக்கு விற்பது பாவம் என்ற நினைப்பும் இருந்தது. வேலைக்காக ஊரைவிட்டு வந்து, வீடு இல்லாமல், சமைக்க ஆள் இல்லாமல் தங்குபவன் பெருகியபோதுதான் ஹோட்டல் பெருகியது. தமிழில் ஹோட்டல் என்றால் இன்றும் முதலில் சாப்பிடும் இடம்தான். அறை இருந்தால் அதை லாட்ஜ் என்போம்.

இதையெல்லாம் நண்பனிடம் பெருமையாகச் சொன்னேன். வந்தாரை வாழவைத்த ஊர் என்று வழக்கமான வசனத்தையும் சேர்த்துக்கொண்டேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி. யார் வந்தாங்கன்னு பார்த்துட்ட. யார் உள்ள உக்காந்தாங்கன்னு பாத்தியா?" என்றான்.

உட்கார்ந்தவர்கள்

இந்த வரலாறு எனக்கு அரைகுறையாகத் தெரியும். எங்கள் தலைமுறைக்கு அது பாடப்புத்தகத்தில் ஒரு வரி. கடைகளின் பெயரோடு சேர்த்துப் படித்தபோதுதான் உறைத்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு நகரங்களில் முளைத்த காபி கிளப்புகளும் டிபன் ஹோட்டல்களும் பெரும்பாலும் பிராமணர்கள் நடத்தியவை. அதற்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருந்தது. சாதி பார்க்கும் சமூகத்தில் முன்பின் தெரியாதவன் சமைத்ததை எல்லோரும் சாப்பிட வேண்டுமென்றால், சமைப்பவர் அடுக்கின் உச்சியில் இருக்க வேண்டும். அவர் கையால் எவரும் சாப்பிடுவார்கள். ஆனால் எவரும் அவர் பக்கத்தில் உட்கார முடியாது. பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம், தீண்டத்தகாதவர் என்று தள்ளப்பட்டவர்களுக்கு வாசல்கூடக் கிடையாது. காபி இந்தச் சமூகத்துக்குள் நுழைந்து என்னவெல்லாம் செய்தது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படிக்கலாம்.

ரயில் நிலையச் சாப்பாட்டுக் கடைகளிலும் இந்தப் பிரிவினை இருந்தது. டிக்கெட் எல்லோருக்கும் ஒரே விலை, பெஞ்சு மட்டும் வேறு. பெரியாரும் நீதிக்கட்சியினரும் எதிர்த்துப் போராடிய பிறகு 1941-ல்தான் ரயில்வே அதைக் கைவிட்டது.

1950-ல் அரசியல் சட்டம் வருகிறது. அதன் 15-வது பிரிவைத் திறந்து படித்தபோது ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக எந்தக் குடிமகனையும் கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்களுக்குள் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது அது. ஒரு நாட்டின் ஆதாரச் சட்டத்தில் ஹோட்டலைப் பற்றி எழுத வேண்டியிருந்திருக்கிறது. எழுதாவிட்டால் நடக்காது என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எழுதியும் பலகைகள் உடனே இறங்கவில்லை. 'பிராமணாள்' என்ற சொல் கடைப் பெயர்களில் தொடர்ந்தது. 1957 மே மாதம் பெரியார் அதற்கு எதிராகக் கிளர்ச்சி தொடங்குகிறார். தேர்ந்தெடுத்த இடம் திருவல்லிக்கேணி முரளி கஃபே. நாள்தோறும் தொண்டர்கள் கடைமுன் மறியலுக்கு வருவார்கள், கைதாவார்கள், மறுநாள் வேறு ஆட்கள் வருவார்கள். மாதக்கணக்கில் இது நடந்தது. ஆயிரம் பேருக்கு மேல் கைதானார்கள். ஒரு கடைப் பலகையில் இருக்கும் ஒரே ஒரு சொல்லுக்காக. கடைசியில் அந்தச் சொல் போனது.

நான் ரத்னாவில் சாம்பார் இட்லி சாப்பிடும் அதே திருவல்லிக்கேணிதான் இது. அத்தனை முறை அந்தப் பேட்டையில் நடந்திருக்கிறேன், யாருக்கெல்லாமோ சுற்றிக் காட்டியிருக்கிறேன். முரளி கஃபேயைப் பற்றி ஒரு வெளியூர்க்காரருக்கும் சொன்னதில்லை.

அந்தச் சொல் போன இடத்துக்கு வேறு சொல் வந்தது. 'உயர்தர சைவ உணவகம்.' தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலும் இந்தப் பலகையைப் பார்க்கலாம். சைவம் என்பது சாப்பாட்டைக் குறிக்கிறது, புரிகிறது. உயர்தரம் எதைக் குறிக்கிறது? "உயர்தர போட்டி வறுவல்னு எவனாச்சும் போர்டு வெச்சிருக்கானா?" என்று நண்பன் கேட்டான். சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது.

மாற்றம் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 1981-ல் கே.கே. நகரில் சரவண பவன் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் தெற்கத்திக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து மளிகைக்கடை நடத்திக்கொண்டிருந்தவர். சைவ ஹோட்டல் நடத்த சமையற்காரர் குலம் வேண்டியதில்லை என்று அந்தக் கடை நகரத்துக்கே நிரூபித்தது. நிறுவனரின் பிற்காலக் கொலை வழக்கும் தண்டனையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது வேறு கதை. ஆனால் சமைப்பவரின் சாதி பலகையிலிருந்தும் சாப்பிடுபவரின் மனதிலிருந்தும் நழுவியது பெரிய விஷயம். நழுவாமல் நின்றது சமைக்கப்படும் பொருளின் சாதி.

பட்டியலில் இல்லாதவர்கள்

ஒரு சனிக்கிழமை நண்பன் என்னைத் தன் பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். புரசைவாக்கம் தாண்டி உள்ளே போனோம். அவனுடைய தாத்தா பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் வேலை பார்த்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி 1996-ல் மூடப்பட்ட மில். வட சென்னையின் கணிசமான குடும்பங்களுக்கு அதுதான் கடிகாரம். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதும் நேரத்துக்குத்தான் இந்தப் பக்கத்துக் கடைகளில் அடுப்பு எரியும் என்று தாத்தா சொல்வாராம். மில் போய்விட்டது, அடுப்பு நேரம் மட்டும் இன்னும் மாறவில்லை என்றான்.

கடைக்குப் பெயர் இல்லை. தள்ளுவண்டியும் இல்லை, கடையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. எட்டுப் பேர் உட்காரலாம். சிவப்புத் துணி கட்டிய அண்டாவில் மாட்டுக்கறி பிரியாணி. கூட வெங்காயப் பச்சடி, கத்தரிக்காய். கறி வேண்டாம் என்றால் குஸ்கா. இன்னொரு அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. அண்டாவைத் திறந்ததும் வந்த மணத்தில் பேச்சு நின்றது. கறி அவ்வளவு பதமாக வெந்திருந்தது. பரிமாறிய அக்கா நண்பனைப் பார்த்து, "ஆபீஸ் ஃப்ரெண்டா? மொத தபாவா வரார்? தம்பிக்கு இன்னும் ரெண்டு பீஸ் வைக்கிறேன்" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தைந்து வயதில், இந்த ஊரிலேயே பிறந்தவன், வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டரில் இருக்கும் ஒரு பேட்டைக்கு முதல் தடவை வருகிறேன்.

சாப்பிட்டுவிட்டு டீ குடிக்கும்போது, "இதுதான் அசல் மெட்ராஸ்காரன் கடை, ஒத்துக்கறேன்" என்றேன். அவன் தலையாட்டவில்லை.

"எங்க கொள்ளுத்தாத்தாவும் செங்கல்பட்டு பக்கத்துலேந்து பஞ்சம் பொழைக்க வந்தவர்தான்டா. யார் மொதல்ல வந்தாங்கங்கறது இல்ல. வந்தவங்கள்ல யாருக்கு போர்டு கெடச்சுது, யாருக்குக் கெடைக்கல, அதான்."

1876-78 பஞ்சத்தில் தொடங்கி, மழை பொய்த்த ஒவ்வொரு முறையும் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து நிலமில்லாத மக்கள் மெட்ராஸுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களும் உடுப்பிக்காரர் மாதிரி, ரங்கூன்காரர் மாதிரி, பசியோடு வந்தவர்கள்தான். கிருஷ்ண ராவ் மாவரைக்கும் வேலையில் தொடங்கினார். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவரோடு அதே நாளில் அதே நகரத்தில் இறங்கிய ஒரு பறையர் இளைஞன் அந்தச் சமையற்கட்டுக்குள் கால் வைத்து மாவரைத்திருக்க முடியாது. அந்த வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கக்கூட முடியாது. சமைக்கத் தெரியாமல் இல்லை, ருசி தெரியாமல் இல்லை. அவன் தொட்ட பண்டத்தை ஊர் காசு கொடுத்து வாங்காது. அதனால் அவன் கடை தெருவோரத்தில், தன் ஆட்களுக்காக, பெயர்ப்பலகை இல்லாமல் நடந்தது. நூறு வருடம் கழித்து என்னைப் போன்ற ஒருவன் பட்டியல் போடும்போது, பலகை உள்ள கடைகள் மட்டும் கண்ணில் படுகின்றன.

பிழை எந்த வரியில் நுழைந்தது என்று தேடிக்கொண்டிருந்தேன். அது எந்த வரியிலும் இல்லை. எழுதப்படாத வரியில் இருந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், சாப்பாட்டு அறையில் அசைவம் சாப்பிடக் கூடாது என்று ஒரு நாள் மெயில் வந்தது. காரணம், 'வாசனை குறித்துச் சிலர் புகார்'. அசைவக்காரர்கள் மாடிப்படிக்குப் பக்கத்தில் போட்ட இரண்டு மேஜைகளுக்குப் போனோம். நானும் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மேஜை கொடுத்தார்களே என்று இருந்துவிட்டோம். 1941-ல் ரயில்வே கைவிட்ட ஏற்பாட்டை நாங்கள் ஏசி அறையில் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. அந்த இரண்டு மேஜைகளிலும் எங்களோடு உட்காராமல், தினமும் வெளியே போய்ச் சாப்பிட்டுவந்த ஒருவர் இருந்தார். டப்பாவில் என்ன கறி என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்றுதான் அவர் வெளியே போனார் என்பது இப்போது புரிகிறது.

பட்டியலில் இல்லாத இன்னொரு பெரிய உணவகமும் உண்டு. 2013-ல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகம். இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. நடத்துபவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். யார் சமைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை; யார் பக்கத்தில் நின்று சாப்பிடுகிறார்கள் என்றும் பார்ப்பதில்லை. 15-வது பிரிவு எதைச் சொல்கிறதோ அது காலை ஏழு மணிக்கு வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். வெளியூர்க்காரர்களை அங்கே அனுப்ப எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. மலிவானதைச் சிபாரிசு செய்தால் நம் ரசனையைக் குறைவாக நினைப்பார்களோ என்ற பயம்தான்.

பட்டியலைத் திருத்த உட்கார்ந்தேன். பழைய வரிகளில் ஒன்றையும் அழிக்கவில்லை. ரத்னா சாம்பாரின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஒவ்வொரு கடைக்கும் கீழே, அது யார் எங்கிருந்து வந்து தொடங்கியது என்று ஒரு வரி சேர்த்தேன். திருவல்லிக்கேணிக்குக் கீழே '1957, முரளி கஃபே' என்று எழுதினேன். கேட்பவர்களுக்குச் சொல்வேன். சைதாப்பேட்டை வடகறியும் ஏறியது.

புளியந்தோப்புக் கடையை எழுதும் முன் நண்பனிடம் கேட்டேன். "இடத்தைப் போடட்டுமா?"

"போடாத. எட்டு சீட்டு. உன் லிஸ்டைப் பாத்துட்டு இருபது பேர் கேமராவோட வந்து நின்னா, தினம் சாப்புடறவன் எங்க போவான்?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "வரணும்னு ஆசப்படறவங்களைக் கூட்டிட்டு வா. பக்கத்துல உக்காந்து சாப்புடட்டும்."

அதனால் பட்டியலின் கடைசி வரியில் இப்போது கடைப் பெயரும் இல்லை, தெருப் பெயரும் இல்லை. 'இதுக்கு நானும் கூட வரேன்' என்று மட்டும் இருக்கிறது. போன மாதம் புனேயிலிருந்து வந்தவர் முதலில் கேட்டது அந்த வரியைப் பற்றித்தான்.